அமர்தலால் நிறைவுறும் சிற்பம்: பார்சிலோனா குவெல் பூங்காவின் அலைவடிவ இருக்கை

ஆய்வுச் சுருக்கம்

பொதுப் பூங்காக்களில் இருக்கையாகவும் சிற்பமாகவும் ஒருங்கே விளங்கும் படைப்புகள் 20ஆம் நூற்றாண்டில் தனித்ததொரு கலைவகையாக வளர்ந்துள்ளன. இவற்றைக் 'கலையழகு சேர்க்கப்பட்ட நாற்காலி' என்றோ 'மக்கள் அமரவும் இடந்தரும் சிலை' என்றோ கொள்வது பொருந்தாது. அமர்தல் என்னும் செயலே இவற்றின் வடிவத்தை உருவாக்குகிறது. பார்சிலோனா நகரின் குவெல் பூங்காவில் அன்டோனி கௌடியும் ஜூசெப் மரியா ஜுஜோலும் படைத்த அலைவடிவ இருக்கையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. இத்தகைய படைப்பைக் கலைப்பொருளாக மட்டும் காத்தாலும், தளவாடமாக மட்டும் கருதினாலும் அது அழிவுக்கு உள்ளாகும் என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பயன்பாட்டுச் சிற்பம், இருக்கைச் சிற்பம், பொதுவெளிக் கலை, குவெல் பூங்கா, கௌடி, ஜுஜோல், சில்லுப் பதிப்பு, பாதுகாப்பு.

முன்னுரை

சிற்பத்தைப் பார்ப்பவரிடமிருந்து பிரித்து வைப்பது பீடம். பீடத்தின் மேல் நிற்பது கலைப்பொருள். பீடத்திற்கு வெளியே நிற்பவர் பார்வையாளர். மேலை நாட்டு அருங்காட்சியகங்களில் வேரூன்றிய இம்மரபில் தொடுதலே விலக்கப்பட்டதாயிற்று. பூங்காவின் இருக்கையோ இதற்கு நேர்மாறானது. அதை யாரும் நின்று நோக்குவதில்லை. களைப்புற்றவர் அமர்கிறார், இளைப்பாறி எழுந்து செல்கிறார். ஒன்று பார்ப்பதற்கு மட்டும் உரியது. மற்றொன்று பார்க்கப்படாமலே பயன்படுவது. இவ்விரண்டும் ஒரே பொருளில் கூடும்போது அப்பொருளை எவ்வாறு மதிப்பிடுவது, எவ்வாறு பேணுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண முற்படும் இக்கட்டுரை, முதலில் இவ்வகைப் படைப்பை வரையறுத்து, பின்னர் குவெல் பூங்காவின் இருக்கையை அதன் உறுப்புகள்வழி ஆராய்ந்து, இறுதியில் பிற படைப்புகளோடு ஒப்பிட்டுப் பாதுகாப்புச் சிக்கலைப் பேசுகிறது.

1. பயன்பாட்டுச் சிற்பம்: வரையறை

இருக்கைக்கும் சிற்பத்துக்கும் இடையிலான உறவை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, அணி செய்யப்பட்ட இருக்கை. கைப்பிடியில் சிங்கமுகமும் கால்களில் கொடிவேலையும் கொண்ட வார்ப்பிரும்பு இருக்கைகள் இவ்வகையின. அணியை நீக்கினாலும் இருக்கை இருக்கையாகவே எஞ்சும்.

இரண்டாவது, மக்கள் தாமாகவே அமரும் சிற்பம். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் எட்வின் லேண்ட்சீர் வடித்த சிங்கங்களின் மீது ஏறி அமர்வோர் பலர். ஆயின் அமர்தல் அச்சிங்கங்களின் வடிவத்தைத் தீர்மானிக்கவில்லை. எவரும் ஏறாதிருப்பினும் அவற்றின் பொருளில் குறைவு நேராது.

மூன்றாவது, அமர்தலிலிருந்தே வடிவம் பெறும் சிற்பம். இதில் அணியை நீக்கினால் இருக்கையும் நீங்கும். அமர்தலை விலக்கினால் சிற்பமும் பொருளிழக்கும். இம்மூன்றாம் வகையே இங்கு 'இருக்கைச் சிற்பம்' எனச் சுட்டப்படுகிறது. இதனை அறிவதற்குரிய சோதனை எளியது: 'இதில் ஒருவரும் அமரக் கூடாது' என்று விதித்தால் படைப்பின் பொருள் மாறுகிறதா? மாறுமெனில் அது இருக்கைச் சிற்பம்.

இவ்வரையறையின் எல்லையில் நிற்கும் படைப்பு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ருமேனியாவின் துர்கு ஜியு நகரில் கான்ஸ்டன்டின் பிரான்குசி 1938இல் நிறுவிய 'மௌனத்தின் மேசை' வட்டமான கல்மேசையையும் அதனைச் சூழ்ந்த 12 கல் இருக்கைகளையும் கொண்டது. நாழிகைவட்டில் போன்று இடை சிறுத்த அவ்விருக்கைகள் மேசையை விட்டு விலகியே அமைந்துள்ளன. உண்பதற்காக எவரும் அங்கு அமர இயலாது. இருக்கையின் உருவம் இங்கு உண்டு. ஆனால் அது உணர்த்துவது கூடியிருத்தலை அன்று, வெறுமையை. ஆகவே இருக்கையின் உருவம் பெற்றவை அனைத்தும் இருக்கைச் சிற்பம் ஆகா என்பது தெளிவு.

2. குவெல் பூங்கா: பின்புலம்

குவெல் பூங்கா தொடக்கத்தில் பூங்காவாகத் திட்டமிடப்படவில்லை. கத்தலோனியத் தொழிலதிபர் எவுசெபி குவெல் (1846–1918) பார்சிலோனாவை நோக்கிய குன்றுச்சரிவில் செல்வர்க்கான குடியிருப்பு ஒன்றை உருவாக்க விரும்பி, அப்பணியைக் கட்டடக் கலைஞர் கௌடியிடம் (1852–1926) ஒப்படைத்தார். 1900இல் பணி தொடங்கியது. சுமார் 60 மனைகள் வகுக்கப்பட்டன. மனையின் ஆறில் ஒரு பங்கில் மட்டுமே கட்டடம் எழுப்பலாம் என்பன போன்ற கடும் விதிகளும், நகரிலிருந்து போதிய போக்குவரத்து இன்மையும் வாங்குவோரைத் தடுத்தன. 1914இல் பணி நின்றது. திட்டமிட்ட குடியிருப்பில் எழுந்த வீடுகள் இரண்டே. அவற்றுள் ஒன்றில் 1906 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் கௌடியே வாழ்ந்தார்.

குவெலின் மறைவுக்குப் பின் நகராட்சி இந்நிலத்தை வாங்கி, 1926இல் பொதுப் பூங்காவாகத் திறந்தது. 1984இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆக, ஒரு சிலருக்கென எழுந்த குடியிருப்பின் பொதுவிடம், குடியிருப்பு தோற்றதால் நகரத்தார் அனைவருக்கும் உரியதாயிற்று. இவ்வரலாறு பின்னர் எழுந்த உரிமைச் சிக்கலைப் புரிந்துகொள்ளத் தேவையானது.

3. இருக்கையின் அமைப்பு: விளிம்பு, நீர், உடல்

பூங்காவின் நடுவே பரந்ததொரு திறந்தவெளித் தளம் உள்ளது. குடியிருப்போர் கூடிக் கலைநிகழ்ச்சி காண்பதற்கென வகுக்கப்பட்டமையால் இது 'கிரேக்க அரங்கு' எனப் பெயர் பெற்றது. இதன் ஒரு பகுதி மலைப்பாறையின் மீதும், மற்றொரு பகுதி கீழேயுள்ள தூண் மண்டபத்தின் கூரை மீதும் அமைந்துள்ளது. டோரிக் பாணியைத் தழுவிய 86 தூண்களைக் கொண்ட அம்மண்டபம் குடியிருப்பின் சந்தையாகக் கருதப்பட்டது. தளத்தின் திறந்த விளிம்பில், அதாவது தவறி விழ வாய்ப்புள்ள இடத்தில், சுமார் 110 மீட்டர் நீளத்திற்கு வளைந்து வளைந்து செல்கிறது இருக்கை.

இவ்விருக்கையின் முதற்பணி காவல். உயரமான தளத்தின் விளிம்பில் கைப்பிடிச் சுவர் இன்றியமையாதது. கௌடி சுவரைத் தனியாகவும் இருக்கையைத் தனியாகவும் அமைக்கவில்லை. உட்புறம் முதுகைத் தாங்கும் சாய்வே வெளிப்புறம் தடுப்புச் சுவராக நிற்கிறது. நம் வீடுகளின் திண்ணை எவ்வாறு கொண்டுவந்து வைக்கப்பட்ட பொருளன்றி வீட்டின் உறுப்பாகவே விளங்குகிறதோ, அவ்வாறே இவ்விருக்கையும் தளத்தின் உறுப்பு. அதனைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் அது அதுவாக இராது.

இரண்டாவது, நீர் மேலாண்மை. தளம் கல் பாவப்படாத மண்தளம். பெய்யும் மழை மண்ணிலும் கற்படுகையிலும் வடிந்து, தூண்களினூடே செல்லும் குழாய்கள் வழியே மண்டபத்தின் அடியிலுள்ள நிலத்தடித் தொட்டியைச் சென்றடைகிறது. அத்தொட்டியின் கொள்ளளவு 1,200 கனமீட்டர், அதாவது 12 லட்சம் லிட்டர். தொட்டி நிறைந்தால் மிகைநீர் படிக்கட்டிலுள்ள புகழ்பெற்ற பல்லியுருவின் வாய்வழியே வெளியேறும். இருக்கையின் மீது விழும் மழைநீரும் தேங்காமல் வடிந்தோடும் வகையில் அதன் சரிவுகளும் துளைகளும் அமைந்துள்ளன. வெளியிடத்து இருக்கைக்கு ஈரம் விரைவில் உலர்தல் முதற்தேவை. நனைந்த இருக்கை எவ்வளவு அழகியதாயினும் அமர்வோரை ஏற்காது.

மூன்றாவது, உடல். அமருமிடம் குழிவாகவும் முதுகுச் சாய்வின் கீழ்ப்பகுதி இடுப்பைத் தாங்கும் வகையில் புடைத்தும் உள்ளன. பணியாளர் ஒருவரை ஆடையின்றி ஈரச் சாந்தின் மீது அமரச் செய்து கௌடி இவ்வளைவைக் கண்டறிந்தார் எனச் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. அது நிகழ்ந்ததோ இல்லையோ, அச்செய்தி உண்டானமைக்குக் காரணம் உண்டு. இவ்விருக்கையில் அமர்வோர் தம் உடலின் அச்சு அங்கு முன்னரே பதிந்துள்ளதாக உணர்கின்றனர். மரபுச் சிற்பத்தில் மனித உடல் புடைப்பாகக் காட்டப்படும். இங்கு அது குழிவாகக் காட்டப்பட்டுள்ளது. வடிக்கப்பட்ட உருவம் எதுவும் இல்லை. உருவத்திற்கான இடமே வடிக்கப்பட்டிருக்கிறது. அவ்விடத்தை நிரப்புவோர் பூங்காவுக்கு வருவோரே.

4. சில்லுப் பதிப்பும் ஜுஜோலின் பங்கும்

இருக்கையின் மேற்பரப்பு முழுவதும் உடைந்த பீங்கான் ஓடுகளால் மூடப்பட்டுள்ளது. கத்தலோனிய மொழியில் இதற்குத் 'திரென்காதிஸ்' என்று பெயர். வெப்பத்தைத் தணிக்க மொட்டைமாடிகளில் பதிக்கப்படும் உடைந்த வெள்ளோட்டுச் சில்லுகளைக் கண்டோர் இம்முறையின் அடிப்படையை எளிதில் அறிவர். குவெல் பூங்காவில் ஓடுகளோடு தட்டு, கோப்பை, கண்ணாடிக்குப்பி ஆகியவற்றின் துண்டுகளும் இடம்பெற்றுள்ளன. இப்பதிப்பு வேலையின் பெரும்பகுதியை வடிவமைத்தவர் கௌடியின் இளம் துணைவரான ஜுஜோல் (1879–1949). கூட்டுப்படைப்பாகிய இதனைக் கௌடியின் பெயரில் மட்டும் வழங்குவது முறையன்று.

சில்லுப் பதிப்பு அழகுக்காக மட்டும் தெரிவு செய்யப்பட்டதன்று. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது வடிவியல் காரணம். முழு ஓடு தட்டையானது. இருதிசையிலும் வளையும் பரப்பில் அது படியாது. உடைத்த சிறு துண்டுகளே அத்தகைய வளைவைப் பின்தொடர வல்லவை. வளைவை விரும்பினால் உடைத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது தாங்குதிறன். மெருகேற்றிய பீங்கான் நீரை உறிஞ்சாது, வெயிலில் நிறம் எளிதில் மங்காது, துடைத்தால் தூய்மையாகும். ஆயிரக்கணக்கானோர் உராயும் பரப்புக்கு வண்ணப்பூச்சு நிலைக்காது, பீங்கான் நிலைக்கும்.

மூன்றாவது சீரமைப்பு. ஒரு பளிங்குச் சிலையின் மூக்கு உடைந்தால் சிலை ஊனமுறும். சில்லுப் பரப்பில் ஒரு துண்டு பெயர்ந்தால் அவ்விடத்தில் மற்றொன்றைப் பதிக்கலாம். தேய்மானம் இப்படைப்பின் இயல்புக்குப் புறம்பானதன்று. எனினும் இது எளிய செயலும் அன்று. ஜுஜோலின் பதிப்பில் எந்தத் துண்டு எதன் அருகில் அமைந்துள்ளது என்பதே கலை. தொடர்பற்ற நிறங்கள் அருகருகே அமைந்து தொலைவில் ஒன்றிக் காணப்படுவதும், உடைந்த பூவேலையின் பாதி வேறொரு பூவேலையின் பாதியோடு இணைவதும் கைவினைஞரின் தேர்வால் விளைந்தவை. ஆகவே பழுது பார்ப்பவரும் ஓரளவு கலைஞராதல் வேண்டும்.

5. வளைவும் கூடுகையும்

இருக்கையின் அலைவடிவம் சுமார் 1.5 மீட்டர் அளவுள்ள குழிவு, குவிவுக் கூறுகளின் சேர்க்கையால் உருவானது. இவ்வளைவுகள் அமர்வோருக்கிடையே நிகழும் உறவை ஒழுங்குபடுத்துகின்றன.

உளநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் 1957இல் இடங்களை இருவகையாகப் பிரித்தார்: மக்களை ஒருவரையொருவர் நோக்கி ஈர்ப்பவை, ஒருவரிடமிருந்து ஒருவரை விலக்குபவை. மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் வெளிவந்த தம் நூலில் இப்பாகுபாட்டைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். நேர்கோட்டு இருக்கையில் அமர்வோர் அனைவரும் ஒரே திசை நோக்குவர். அருகிலிருப்பவரைக் காணக் கழுத்தைத் திருப்ப வேண்டும். வட்டத்தின் உட்புறம் அமர்ந்தவர் ஒருவர் முகத்தை மற்றவர் காண்பர். வட்டத்தின் வெளிப்புறம் அமர்ந்தவர் ஒருவரையொருவர் காணார்.

குவெல் பூங்காவின் இருக்கை இவ்விரு நிலைகளையும் மாறிமாறித் தருகிறது. குழிவில் ஒரு குடும்பமோ நண்பர் குழாமோ அமர்ந்தால் அது சிறு அறையாகிறது. அடுத்துள்ள குவிவில் தனித்திருக்க விரும்புவோர் அமரலாம். அவருக்கும் அக்குழுவுக்கும் இடையில் சுவரில்லை, ஆனால் பார்வை விலகியுள்ளது. ஒரே இருக்கை பெருங்கூட்டத்தைப் பல சிறு குழுக்களாகப் பிரித்தும், முற்றிலும் பிரியாமல் ஒரே தொடர்ச்சியில் வைத்தும் காக்கிறது.

இங்கு கருதத்தக்க மற்றொன்று இருக்கையின் திசை. தளத்திலிருந்து நகரமும் அதற்கப்பால் மத்தியதரைக் கடலும் விரிந்து தோன்றும். எனினும் இருக்கை உள்நோக்கியே அமைந்துள்ளது. சாய்வு காவற்சுவராதலால் இது தவிர்க்கவியலாதது; அரங்கின் நோக்கத்திற்கும் இதுவே ஏற்றது. அமர்வோர் காண்பது தளத்தில் உலவும் மக்களையே. நியூயார்க் நகரச் சதுக்கங்களை ஆராய்ந்து 1980இல் நூல் வெளியிட்ட வில்லியம் வைட், மக்களை ஈர்ப்பவர் மக்களே என்றும், அமர இடமுள்ள இடத்திலேயே அவர்கள் கூடுகின்றனர் என்றும் கண்டறிந்தார். அதற்கு ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்கு முன்பே குவெல் பூங்கா அதனைக் கட்டடத்தில் செய்து காட்டியது எனலாம்.

6. ஒப்பீடு: பர்ட்டனும் பூர்ஷுவாவும்

கௌடி தம் இருக்கையைச் சிற்பம் என்று அறிவித்து அமைக்கவில்லை. இருக்கையே சிற்பமாகலாம் என்பதைக் கொள்கையாக முன்வைத்தோருள் முதன்மையானவர் அமெரிக்கச் சிற்பி ஸ்காட் பர்ட்டன் (1939–1989). பெரும்பாறையை இரு வெட்டுகளால் அமருமிடமும் சாய்வும் உடையதாக்கும் அவரது 'பாறை நாற்காலிகள்' பெரிதும் அறியப்பட்டவை. பொதுவெளிக் கலை தன்னைக் காண்போருக்குப் பயன்பட வேண்டும், பயன்படுவதால் அதன் கலைத்தகுதி குறையாது என்பது அவரது நிலைப்பாடு. 1989இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் தொகுத்த கண்காட்சி, பிரான்குசியின் பீடங்களையே சிற்பங்களாக முன்னிறுத்தியது. தாங்கும் பொருளும் தாங்கப்படும் பொருளுக்கு நிகரானது என்னும் அக்கருத்தின் நீட்சியாகவே அவரது நாற்காலிகளைக் காண வேண்டும். அவற்றில் தாங்கப்படுவது சிலையன்று, மனிதர்.

சியாட்டில் நகரில், முன்னர் எண்ணெய்க் கிடங்காக இருந்த 9 ஏக்கர் கடற்கரை நிலத்தில் 2007 ஜனவரியில் ஒலிம்பிக் சிற்பப் பூங்கா திறக்கப்பட்டது. லூயிஸ் பூர்ஷுவா (1911–2010) படைத்த 'கண் இருக்கைகள்' இங்கு உள்ளன. கருங்கல்லாலான பெரிய விழிக்கோளம் ஒருபுறம் நம்மை நோக்குகிறது. மறுபுறம் சென்றால் அதில் அமருமிடம் குடையப்பட்டுள்ளது. கண்ணைக் காண்பவர் அமர்ந்திருக்க மாட்டார். அமர்ந்திருப்பவர் கண்ணைக் காண மாட்டார். பார்த்தல், பயன்படுத்தல் ஆகிய இரண்டும் ஒரே பொருளின் இரு முகங்கள் என்பதை இப்படைப்பு நேரடியாக உணர்த்துகிறது. அதே பூங்காவின் பிற சிற்பங்களைத் தொடுதல் கூடாது என்பது விதி. தொடக்கூடாதவற்றின் நடுவே அமரத்தக்கது ஒன்று இருத்தல் வருவோரைத் தயங்க வைக்கிறது. அமரலாம் என்பதை வடிவமே சொல்லும் ஆற்றல் இவ்வகைப் படைப்புக்கு இன்றியமையாதது என்பதை அத்தயக்கம் காட்டுகிறது.

7. காத்தலும் அமர்தலும்

இருக்கைச் சிற்பத்துக்கு இருவகை இடர்கள் உள்ளன.

முதலாவது, அது கலைப்பொருளாக மட்டும் கருதப்படுதல். உலகப் பாரம்பரியச் சின்னமாகிய குவெல் பூங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளின் வருகை பெருகியமையால், 2013 அக்டோபர் முதல் இருக்கை அமைந்துள்ள நினைவுச்சின்னப் பகுதிக்கு நுழைவுக் கட்டணமும், ஒரே நேரத்தில் நுழைவோர் எண்ணிக்கைக்கு வரம்பும் விதிக்கப்பட்டன. சுற்றுவட்டாரக் குடியிருப்போருக்குப் பதிவின் அடிப்படையில் கட்டணமற்ற நுழைவு வழங்கப்பட்டது. எனினும் அவர்களுள் ஒரு சாரார் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வரம்பற்ற கூட்டம் ஓடுகளைத் தேய்க்கும். அத்துடன் இடமின்மையால் எவரும் அமர இயலாத நிலையையும் உண்டாக்கும். மறுபுறம், மாலைதோறும் வந்து அமர்ந்தவர் பதிவுச் சான்று காட்டி நுழைய நேரும்போது, இருக்கை அவருக்கு இருக்கையாக இராமல் காட்சிப்பொருளாகிறது. பூங்காவில் அமர்தலின் இயல்பு, முன்திட்டமின்றி வந்து அமர்வதே. நேரம் குறித்த சீட்டுடன் வருபவர் பெரும்பாலும் அமர்வதற்காக வருவதில்லை; காண்பதற்கும் படமெடுப்பதற்குமே வருகிறார்.

இரண்டாவது இடர், அது தளவாடமாக மட்டும் கருதப்படுதல். பர்ட்டன் நியூயார்க்கின் அலுவலகக் கட்டடம் ஒன்றின் பொதுக்கூடத்துக்காக 1986இல் அரைவட்ட வடிவில் பச்சைப் பளிங்கு இருக்கையை அமைத்தார். பூங்காவில் அன்றி உள்ளரங்கில் அமைந்ததாயினும் அதுவும் பொதுமக்கள் அமர்வதற்கெனச் செய்யப்பட்ட சிற்பமே. அக்கூடம் பின்னாளில் புதுப்பிக்கப்பட்டபோது அது அகற்றப்பட்டது. அதன் பகுதிகளைக் கொண்டு கலைஞர் அல்வாரோ உர்பானோ 2024இல் நியூயார்க்கில் புதியதொரு படைப்பை அமைத்துக் காட்சிக்கு வைத்தார். பீடத்தின் மீது நிற்கும் சிலையொன்றை இவ்வாறு எளிதில் அகற்ற எவரும் துணியார். பயன்பாட்டில் முழுமையாகக் கரைந்துவிட்டமையே அப்படைப்புக்குப் பகையாயிற்று.

ஒன்றில் கலைமதிப்பு பயன்பாட்டைச் சுருக்கியது. மற்றொன்றில் பயன்பாடு கலைமதிப்பை மறைத்தது. இரண்டிலும் இழக்கப்பட்டது அமர்தல் என்னும் செயலே. கல்லையும் ஓட்டையும் காப்பதோடு, யார், எப்போது, எவ்வளவு எளிதாக அமர இயலும் என்பதையும் பேணுதலே இவ்வகைச் சிற்பத்தின் முழுமையான பாதுகாப்பாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• அமர்தலை விலக்கினால் பொருளிழக்கும் படைப்பே இருக்கைச் சிற்பம். இருக்கையின் உருவமோ அணிவேலைப்பாடோ மட்டும் ஒரு படைப்பை இவ்வகையில் சேர்ப்பதில்லை.

• குவெல் பூங்காவின் இருக்கையில் காவற்சுவர், நீர்வடிகால், உடலின் தாங்கல், கூடுகை ஆகிய நான்கு பயன்களும் ஒரே வளைவில் தீர்வு காண்கின்றன. அதன் அழகு இப்பயன்களின் மேல் பூசப்பட்டதன்று, அவற்றிலிருந்து எழுந்தது.

• சில்லுப் பதிப்பு வளைவுக்கும் வெளியிடத் தட்பவெப்பத்துக்கும் பொருந்துவது. தேய்மானத்தையும் சீரமைப்பையும் ஏற்கும் இயல்பினது. ஆயினும் அச்சீரமைப்பு கலைத்தேர்ச்சியை வேண்டுவது.

• இத்தகைய படைப்புகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் வகுப்போர் பொருளின் நிலையை மட்டுமன்றி அமர்வோரின் உரிமையையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.

தமிழ்க் கலையியல் எழுத்தில் சிற்பம் பற்றிய பேச்சு பெரும்பாலும் காணும் கண்ணை மையமாகக் கொண்டே அமைந்துள்ளது. அமரும் உடலையும் ஆய்வின் மையத்தில் வைக்கும்போது, பொதுவெளியில் வைக்கப்படும் எந்தப் படைப்பைக் குறித்தும் 'இது எவ்வாறு தோன்றுகிறது?' என்பதோடு 'இது யாருக்கு இடம் தருகிறது?' என்றும் வினவ இயலும். இரண்டாம் வினாவுக்கான விடையிலேயே இருக்கைச் சிற்பத்தின் மதிப்பு அடங்கியுள்ளது.